நாடிழந்த இசைவாணர்கள்

பஜ்ருத் தொழுகையை நிறைவேற்றிவிட்டு வீடு திரும்பி, தேநீர்க் குவளையைக் கையில் ஏந்தியவாறு வானொலிப் பெட்டியின் திருகைத் திருப்பிய பழக்கம் நம்மில் ஒரு தலைமுறையினர் அனைவருக்கும் உண்டு. நிலையம் திறக்குமுன் ஒரு மெட்டு எழும். தம்பூராவின் சுருதி மெல்லப் பரவ, அதன்மீது வயலின் ஒன்று ஏங்குவதுபோல் சில சுரங்களை இழைத்துச் செல்லும். சொல் இல்லை, தாளம் இல்லை, பாடுவோர் இல்லை. செய்திக்கும் சந்தை நிலவரத்துக்கும் காத்திருந்த நாம் அதனை இசையாக எண்ணிக் கேட்டதே இல்லை. பொழுது விடிந்ததற்கான அடையாளமாகவே கொண்டோம்.

அந்த மெட்டை அமைத்தவர் ஓர் இந்தியர் அல்லர் என்பதும், ஹிட்லரின் கொடுமை நெருங்கி வருவதை உணர்ந்து தாயகத்தை விட்டுப் பம்பாய்க்குக் கப்பலேறிய யூத இளைஞர் ஒருவர் என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வால்ட்டர் காஃப்மன் என்பது அவர் பெயர். அம்மெட்டு அவருடையதே என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அவரைப் பற்றி எழுதத் தொடங்கிய நமக்கு, அவரைப் போன்றே நாடிழந்து, தாம் கற்ற செவ்வியல் இசையைத் திரைப்படக் கொட்டகையில் விற்று வாழ நேர்ந்த வேறு சிலரின் வரலாறும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணில் பட்டது. ஆகவே காஃப்மனைச் சற்றே நிறுத்திவைத்து, மற்றவர்களை முதலில் காண்போம்.

முன்னதாக இரண்டு சொற்கள். இசையைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பு உலமாப் பெருமக்களுக்குரியது. அதனுள் நாம் புகவில்லை. நாம் எழுதுவது மனிதர்களின் வரலாறு. அடுத்து, பலஸ்தீன மக்கள் தங்கள் மண்ணை இழந்து தவிப்பதைக் கண்டு நெஞ்சு எரியும் நம்மவர் சிலர், யூதர் பட்ட துயரைக் கூறுவானேன் எனக் கேட்கக்கூடும். ஜெர்மனியில் நடந்தது அநீதி. பலஸ்தீனத்தில் நடந்ததும் நடப்பதும் அநீதி. ஒன்றை மறைப்பதற்கு மற்றொன்றைத் துணைக்கு அழைப்பது நீதி தவறாதிருக்குமாறு ஏவப்பட்ட சமுதாயத்துக்கு அழகன்று.

1933ஆம் ஆண்டு ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரலில் வந்த ஒரு சட்டம் யூதர்களை அரசுப் பணிகளிலிருந்து அகற்றியது. இசைக் கல்லூரி ஆசிரியர், அரசு ஆர்க்கெஸ்ட்ராவின் நடத்துநர், ஆபரா அரங்கின் பயிற்றுநர் என அங்கே பெரும்பாலானவை அரசின் பதவிகளே. அவ்வாண்டின் இறுதியில் இசைத் தொழிலுக்கென ஒரு சங்கம் அமைக்கப்பட்டது; அதில் உறுப்பினரல்லாதார் தொழில் நடத்த இயலாது; யூதருக்கோ அதில் இடமில்லை. 1938ஆம் ஆண்டு மே மாதத்தில் டூசல்டார்ஃப் நகரில் 'சீர்கெட்ட இசை' என்ற பெயரில் ஒரு கண்காட்சியையே நடத்தி ஏளனம் செய்தார்கள். பேத்தோவனையும் பிராம்ஸையும் தம் சொந்த முதுசொம்மாகக் கருதி வளர்ந்த ஒரு கூட்டம், அந்த முதுசொம்முக்கு உனக்கு உரிமையில்லை என ஒரே நாளில் விரட்டப்பட்டது.

நம் ஊர்களில் 'சபர் போதல்' என்றொரு வழக்கு உண்டு. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் சபர் போனவர்கள் திரும்பி வருவதற்காகவே போனார்கள். பெட்டி நிறையச் சாமான்களுடன் அவர்கள் கப்பலிறங்கும் நாள் ஊருக்கே பெருநாள். இவர்களுடையது அத்தகைய சபர் அன்று. 1942ஆம் ஆண்டில் பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து நடந்தே வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள்; அவர்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

இனி, எரிக் வொல்ஃப்காங் கோர்ன்கோல்ட்.

1897ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் பிரூன் நகரில் பிறந்தவர் இவர். தந்தை ஜூலியஸ் வியன்னாவின் தலைசிறந்த நாளிதழில் இசை விமரிசகர். அவருடைய பேனாவுக்கு நகரமே அஞ்சியது. மகனுக்கு மொட்சார்ட்டின் நினைவாக வொல்ஃப்காங் எனப் பெயர் சேர்த்தார். பிள்ளை பத்து வயதுக்குள்ளேயே தான் இயற்றியதைப் பேராசான் குஸ்தாவ் மாலரிடம் வாசித்துக் காட்ட, மாலர் இவன் மேதை என வியந்து, ஸெம்லின்ஸ்கி என்ற ஆசிரியரிடம் அனுப்பிவைக்கச் சொன்னார். 1910ஆம் ஆண்டில், பதின்மூன்று வயதுச் சிறுவனின் நாட்டிய இசை வியன்னா அரசவை ஆபராவில் அரங்கேறியது. தந்தை விமரிசகராக இருந்தமையால் நேர்ந்த சலுகை எனச் சிலர் முணுமுணுத்ததும் உண்டு. ஆனால் 1920ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், 'மாண்ட நகரம்' எனப் பொருள்படும் 'டீ டோட்டே ஷ்டாட்' என்ற அவரது ஆபரா ஹாம்பர்க், கொலோன் ஆகிய இரு நகரங்களிலும் ஒரே இரவில் அரங்கேறியபோது முணுமுணுப்பு அடங்கிற்று. ஆசிரியருக்கு அப்போது வயது இருபத்து மூன்று.

1934ஆம் ஆண்டில் நாடக மேதை மாக்ஸ் ரைன்ஹார்ட் அவரை ஹாலிவுட்டுக்கு அழைத்தார். ஷேக்ஸ்பியரின் 'நடுவேனில் கனவு' படமாகிறது. அதற்கு மென்டல்சனின் இசையைப் பொருத்தித் தரவேண்டும். சில வார வேலை என்றுதான் போனார். வார்னர் நிறுவனத்தார் விடவில்லை. 1935இல் 'கேப்டன் பிளட்'. 1936இல் 'அந்தோணி அட்வெர்ஸ்'. பின்னதற்கு ஆஸ்கார் விருதும் கிடைத்தது. ஆனால் அக்கால விதிப்படி அந்தப் பொற்சிலையை வாங்கிக்கொண்டவர் நிறுவனத்தின் இசைப்பிரிவுத் தலைவர், இயற்றியவர் அல்லர்! தொழிற்சாலையில் நெய்த துணிக்கு நெசவாளியின் பெயரா இடுகிறோம்? அப்படித்தான் அவர்கள் எண்ணினார்கள் போலும்.

அப்போதெல்லாம் கோர்ன்கோல்ட் ஆண்டில் சில மாதம் ஹாலிவுட், மற்ற மாதங்கள் வியன்னா என்றே வாழ்ந்தார். 1938ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் வியன்னாவில் இருக்கையில் தந்தி வந்தது: 'ராபின் ஹூட்' படத்துக்கு இசையமைக்க உடனே புறப்படுக. மனைவியையும் இளைய மகனையும் அழைத்துக்கொண்டு கப்பலேறினார். மூத்த மகன் பள்ளிப் படிப்புக்காகப் பாட்டன் பாட்டியிடம் தங்கினான். ஹாலிவுட் வந்து படத்தைப் பார்த்தவருக்குத் திகைப்பு. முழுக்க வாட்சண்டையும் ஓட்டமும். நான் உள்ளத்தின் உணர்ச்சிகளுக்கு இசையமைப்பவன், இது எனக்கு ஒவ்வாது என மறுத்துக் கடிதமும் எழுதிவிட்டார். மறுநாள் பிப்ரவரி 12. ஆஸ்திரியத் தலைமை அமைச்சர் ஷுஷ்னிக் ஹிட்லரின் மலைமாளிகைக்கு வரவழைக்கப்பட்ட செய்தி வந்தது. தாயகத்துக்கு நேரவிருப்பதை அவர் புரிந்துகொண்டார். இசைப்பிரிவுத் தலைவர் வீடு தேடிவந்து மீண்டும் கேட்டபோது, வாரக் கூலிக்கு, எந்த வாரத்திலும் விலகலாம் என்ற உடன்பாட்டின் பேரில் ஒப்புக்கொண்டார். மார்ச்சு மாதம் ஜெர்மானியப் படை வியன்னாவினுள் நுழைந்தது. அவரது வீடு பறிபோயிற்று. அங்கே அரங்கேறவிருந்த 'டீ காத்ரீன்' ஆபரா நின்றுபோயிற்று. பெற்றோரும் மூத்த மகனும் எல்லை மூடப்படுமுன் எப்படியோ இரயிலேறித் தப்பி வந்து சேர்ந்தார்கள். ராபின் ஹூட் என் உயிரைக் காத்தான் என்று அவர் பிற்காலத்தில் கூறுவதுண்டாம். அப்படத்துக்கும் ஆஸ்கார் கிடைத்தது. இம்முறை அவர் கையிலேயே.

அவர் வேலைசெய்த முறை வியப்புக்குரியது. ஸ்டுடியோக்களில் படத்தின் ஒவ்வொரு காட்சியும் எத்தனை நொடி என்று அளந்து பட்டியல் தருவார்கள். அந்த அளவுக்குள் இசையமைப்பாளர் தம் சுரங்களை அடைக்கவேண்டும். கோர்ன்கோல்ட் பட்டியலைத் தொடவில்லை. இரவு வேளையில் படங்காட்டும் அறையில் ஒரு பியானோவைப் போடச்செய்து, சுருள்களை மீண்டும் மீண்டும் ஓடவிட்டு, திரையைப் பார்த்தபடி வாசித்துக்கொண்டே போவார். படம் என்பது பாட்டில்லாத ஆபரா என்பது அவர் கொள்கை. நடிகர் பேசும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் ஒரு பாடகரின் குரலாகவே எண்ணி, அதற்கு இடம்விட்டு இசையை அமைத்தார். ஹாலிவுட் படங்களில் இன்றும் கொம்புகள் முழங்க, பெரும் ஆர்க்கெஸ்ட்ரா அலையென எழுகிறதே, அந்த ஓசைக்கு அடிகோலியவர்களுள் அவர் முதன்மையானவர். 1946 வரை அவர் இசையமைத்த படங்கள் இருபதுக்கும் குறைவே.

ஹிட்லர் ஒழியும் வரை அரங்குகளுக்காக எழுதுவதில்லை என்று அவர் உறுதிபூண்டிருந்தார். 1945இல் அவ்வுறுதியை முடித்துக்கொண்டு எழுதியதுதான் வயலின் கன்செர்ட்டோ. ஒப்பந்தத்தின்போதே தம் மெட்டுகளை மீண்டும் கையாளும் உரிமையை அவர் காத்துக்கொண்டிருந்தார். 'அனதர் டான்', 'ஹுவாரெஸ்', 'அந்தோணி அட்வெர்ஸ்', 'இளவரசனும் ஏழையும்' ஆகிய படங்களிலிருந்து மெட்டுகளை எடுத்து இக்கன்செர்ட்டோவை யாத்தார். 1947ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் செயிண்ட் லூயி நகரில் ஹைஃபெட்ஸ் என்ற மாபெரும் வயலின் கலைஞர் அதை வாசித்தபோது மக்கள் ஆரவாரித்தார்கள். நியூயார்க்கில் நேர்ந்ததோ வேறு. அவர் பெயரில் 'கோர்ன்' என்பது ஆங்கிலத்தில் சோளத்தையும், 'கோல்ட்' என்பது தங்கத்தையும் குறிப்பதை வைத்து, இதில் தங்கத்தினும் சோளமே மிகுதி என ஒரு விமரிசகர் சிலேடை பாடினார். மலிவான உணர்ச்சிக்கும் அங்கே சோளம் என்றே பெயர். விமரிசகரின் மகன் ஒரு விமரிசகரின் சிலேடையால் வீழ்த்தப்பட்டான்! அந்த ஒற்றைச் சிலேடை இருபத்தைந்து ஆண்டுகள் அவருடைய இசைக்கு முன்னால் நின்று வழிமறித்தது என்றால் மிகையாகாது.

1949ஆம் ஆண்டில் வியன்னாவுக்குத் திரும்பினார். நகரம் இடிந்து கிடந்தது. அதனினும் பெரிது, அது அவரை மறந்து கிடந்தது. 1950இல் 'டீ காத்ரீன்' அங்கே அரங்கேறித் தோற்றது. 1954இல் அவருடைய சிம்பொனியை வானொலி ஆர்க்கெஸ்ட்ரா போதிய ஒத்திகையின்றி வாசித்தது. வியன்னாக்காரருக்கு அவர் சினிமாக்காரர். அமெரிக்க அறிஞர்களுக்கோ காலங்கடந்த பழைய வியன்னாக்காரர். எந்த வாசலிலும் அவருக்கு நாற்காலி இல்லை. 1957ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், அறுபதாம் வயதில், தாம் மறக்கப்பட்டோம் என்ற எண்ணத்துடனேயே ஹாலிவுட்டில் கண்மூடினார்.

1972இல் அவருடைய இளைய மகனே தயாரிப்பாளராக நின்று, சார்ல்ஸ் கெர்ஹார்ட் என்ற நடத்துநரைக் கொண்டு தந்தையின் திரையிசையை இசைத்தட்டாக வெளியிட்டார். அது எதிர்பாராத அளவுக்கு விற்றது. அதே ஆண்டில் மூனிக் நகரில் அந்தச் சிம்பொனியும் முறையாக அரங்கேறியது. 1975இல் நியூயார்க்கில் 'டீ டோட்டே ஷ்டாட்' மேடையேறியது. சோளம் என்று இகழப்பட்ட கன்செர்ட்டோவை இன்று வாசிக்காத முன்னணி வயலின் கலைஞரைக் காண்பது அரிது.

நிற்க. அவ்வளவு தொல்லையின்றி இரு கரையிலும் கால்வைத்து நின்றவர் ஒருவரும் உண்டு. அவர் மிக்லோஷ் ரோஜா. 1907இல் புடாபெஸ்டில் பிறந்து, லைப்சிக்கில் பயின்று, பாரிஸில் வறுமையுடன் வாழ்ந்தவர். அங்கே ஹொனகெர் என்ற பெரும் இசைவாணரிடம், உமக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என இவர் கேட்க, படத்துக்கு இசையமைக்கிறேன் என்று அவர் விடைதந்தாராம். அந்த விடையே ரோஜாவின் வாழ்வைத் திருப்பிற்று. பின்னர் இலண்டன் சென்று, தம் நாட்டவரான தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டாவிடம் சேர்ந்தார். ஆயிரத்தோரு இரவுகளின் சாயலில் எடுக்கப்பட்ட 'பாக்தாத் திருடன்' இலண்டனில் தொடங்கிப் போர் மூண்டதால் ஹாலிவுட்டில் முடிந்தது. படத்தோடு ரோஜாவும் 1940இல் அக்கரை சேர்ந்தார்.

அப்படத்தில் அபூ என்னும் சிறுவனாக வந்தவர் நமக்கு அயலார் அல்லர். மைசூர் சமஸ்தானத்து யானைப்பாகரான ஒரு முஸ்லிமின் மகனாக 1924இல் பிறந்த சாபுதான் அவர். 1942இல் வந்த 'ஜங்கிள் புக்' படத்துக்கும் ரோஜாவே இசையமைத்தார். அவ்விசை சாபுவின் குரலில் கதை சொல்லலுடன் இசைத்தட்டாக வெளிவந்தது. அமெரிக்கத் திரையிசை இசைத்தட்டேறியதில் இஃதொரு முன்னோடி. புடாபெஸ்ட்டும் மைசூரும் ஹாலிவுட்டில் கைகோத்த அந்த இசைத்தட்டை எண்ணும்போதெல்லாம் நமக்கு ஒரு மகிழ்ச்சி.

ரோஜா சூட்டிகையானவர். எம்.ஜி.எம். நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தில், ஆண்டுதோறும் கோடையில் மூன்று மாதம் தமக்கே உரியவை என எழுதி வாங்கிக்கொண்டார். அம்மாதங்களில் இத்தாலியின் ரப்பாலோ கடற்கரைக்குச் சென்று தம் சொந்த இசையை எழுதினார். கோர்ன்கோல்ட் படத்திலிருந்து கன்செர்ட்டோ செய்தார் என்றால், ரோஜாவுக்கு நேர்ந்தது நேர்மாறு: ஹைஃபெட்ஸுக்காக அவர் எழுதிய வயலின் கன்செர்ட்டோவில் மயங்கிய இயக்குநர் பில்லி வைல்டர், அதையே அடித்தளமாக்கி ஷெர்லாக் ஹோம்ஸ் பற்றிய தம் 1970ஆம் ஆண்டுப் படத்துக்கு இசை கேட்டார். 'பென்-ஹர்' உட்பட மூன்று ஆஸ்கார் விருதுகள் ரோஜாவுக்குக் கிடைத்தன. 1943ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் இளைஞர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் நோயுற்ற நடத்துநருக்கு மாற்றாகத் திடீரென மேடையேறி ஒரே நாளில் உலகப் புகழ் பெற்ற கதையைப் பலர் சொல்வர். அன்று அவர் நடத்தியவற்றுள் ரோஜாவின் படைப்பும் ஒன்று என்பதைச் சொல்வார் குறைவு.

1961இல் வந்த 'எல் சித்' படத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். அந்தலுஸ் பின்னணியில் நடக்கும் கதை அது. ரோஜா ஸ்பெயினுக்கே சென்று, பதின்மூன்றாம் நூற்றாண்டு மன்னர் அல்ஃபோன்சோவின் காலத்துப் பாடற்சுவடிகளை ஆராய்ந்தார். முஸ்லிம் இசைஞர் ஒருவரும் கிறித்தவர் ஒருவரும் அருகருகே அமர்ந்து வாசிக்கும் ஓவியம் உள்ள சுவடி அது. இசையில் அவர் காட்டிய அந்த அக்கறை கதையில் இல்லை. முராபித்துகளின் தலைவர் யூசுஃப் இப்னு தாஷ்ஃபீனைக் கொடியவராகவே படம் தீட்டியது. கதைநாயகனின் பட்டமே 'ஸெய்யித்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு. அவன் சரகோசாவின் முஸ்லிம் மன்னரிடம் ஆண்டுக்கணக்கில் சேவகம் செய்தவன். இதைப் படக்காரர்கள் அடக்கி வாசித்தார்கள். ரோஜாவின் குற்றம் அன்று அது.

எல்லாரும் ரோஜா அல்லர். எர்ன்ஸ்ட் டோக் என்பாரைப் பாருங்கள். 1887இல் வியன்னாவில் பிறந்தவர். வீட்டில் இசையறிவு உடையோர் இல்லை. சிறுவயதில் மொட்சார்ட்டின் நால்வர் இசையைக் கையடக்கப் பிரதியாக வாங்கி, இரவில் எவரும் அறியாமல் படியெடுப்பார். பாதியில் நிறுத்திக்கொண்டு, மீதியைத் தாமே இயற்றிப் பார்ப்பார். பின்பு மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் குறையை உணர்வார். இறந்துபோன ஆசானிடம் இப்படிக் குருகுலவாசம் செய்தவர் வேறெவரும் உண்டோ? 1909இல் மொட்சார்ட் பெயராலேயே வழங்கப்பட்ட பரிசை வென்றார். ஜெர்மனியில் பெயர் ஓங்கி நின்ற வேளையில் 1933 வந்தது. பிளாரன்ஸில் நடந்த ஒரு மாநாட்டுக்குப் போனவர் அப்படியே பாரிஸ் சென்று, 'பென்சில் என்னிடம் இருக்கிறது' என மனைவிக்குத் தந்தியடித்தார். புறப்படு என்பதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட குறிச்சொல் அது.

ஹாலிவுட் அவரை எதற்குப் பயன்படுத்திற்று? துரத்தும் காட்சிகளுக்கும் மர்மக் காட்சிகளுக்கும். நவீன இசைக்காரர், ஆகவே அச்சுறுத்தும் ஓசைக்குப் பொருத்தம் என முத்திரை குத்திவிட்டார்கள். 1948இல் மாரடைப்பு வந்து பிழைத்தெழுந்த பின்னரே அவர் தம் வேலைக்கு மீண்டார். அறுபது கடந்த அம்மனிதர் எஞ்சிய பதினைந்து ஆண்டுகளில் ஏழு சிம்பொனிகள் எழுதினார்! மூன்றாவதற்கு 1956இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஆயினும் இந்நூற்றாண்டில் மிகவும் மறக்கப்பட்ட இசைவாணன் நானே என்று தம்மைத் தாமே சொல்லிக்கொண்டவராகவே 1964இல் மறைந்தார்.

இத்தாலியர் காஸ்டெல்நுவோ-டெடெஸ்கோ 1938ஆம் ஆண்டின் இனச் சட்டங்களால் பிளாரன்ஸை விட்டு மறுஆண்டு வெளியேறியவர். ஏறத்தாழ இருநூறு படங்களில் அவர் கைபட்டது என்பர்; பெயர் வந்தவை மிகச் சில. எனினும் ஜெரி கோல்ட்ஸ்மித், ஹென்றி மான்சினி, ஜான் வில்லியம்ஸ் முதலிய பின்னாளைய திரையிசை மன்னர்கள் அவரிடம் பாடம் கேட்டவர்களே. ஃபிரான்ஸ் வாக்ஸ்மன் பெர்லின் தெருவில் நாசிக் குண்டர்களால் அடிபட்டு வெளியேறி, ஹாலிவுட்டில் அடுத்தடுத்த ஆண்டுகளில் இரு ஆஸ்கார் பெற்றார். ஹான்ஸ் ஐஸ்லர் கம்யூனிஸ்டு என்பதால் அமெரிக்காவிலும் விசாரணைக்கு உள்ளாகி 1948இல் அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டார். மேற்கத்திய இசையின் இலக்கணத்தையே மாற்றிய ஷோன்பெர்க்கையும் ஸ்டுடியோ ஒன்று அழைத்தது. ஐம்பதாயிரம் டாலர் வேண்டும், நடிகர்கள் பேசும் சுருதியும் என் கட்டளைப்படியே இருக்கவேண்டும் என்றாராம். அவர்கள் பிறகு அழைக்கவில்லை!

இவர்கள் எழுதிய தாள்களுக்கு நேர்ந்த கதி பற்றியும் கூறியாக வேண்டும். எழுதியவை எல்லாம் நிறுவனத்தின் சொத்து. 1960களின் இறுதியில் எம்.ஜி.எம். நிறுவனம் இடநெருக்கடி கருதித் தன் இசைச்சுவடி நூலகத்தையே குப்பைமேட்டில் கொட்டிப் புதைத்தது. ஆர்க்கெஸ்ட்ராவுக்கென விரித்தெழுதிய பிரதிகளில் பெரும்பகுதி மண்ணுக்குள் போயிற்று. பாக்தாதின் நூலகங்கள் தஜ்லாவில் எறியப்பட்டதைப் படித்துக் கலங்குகிற நாம், இதையும் அந்தக் கணக்கின் ஓர் ஓரத்தில் எழுதிவைக்கலாம். அங்கே பகைவர் செய்தனர். இங்கே உடையவரே செய்தனர்.

அந்த நிறுவனத்தில் பெயரின்றி உழைத்தவர்களுள் ஒருவர் எரிக் ஸைஸல். 1905இல் வியன்னாவில் பிறந்த இவர், 1938 நவம்பரில் யூதக் கடைகளும் தொழுகை இல்லங்களும் நொறுக்கப்பட்ட இரவுக்குப் பின் பாரிஸுக்கு ஓடினார். அங்கே ஜோசஃப் ரோத் எழுதிய 'ஹியோப்' என்ற நாவலின் நாடக வடிவத்துக்கு 1939இல் இசையமைத்தார். ஹியோப் என்பது வேறெவருமல்லர். நம் அய்யூப் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களே. ரஷ்யச் சிற்றூர் ஒன்றின் ஏழை ஆசிரியர் அடுக்கடுக்காகத் துயருற்று அமெரிக்கா சேரும் கதைக்கு அத்திருநாமத்தை வைத்திருந்தார் ஆசிரியர். ஸைஸல் அதை முழு ஆபராவாக்கத் தொடங்கினார். 1941இல் ஹாலிவுட் வந்தார். பிறர் பெயரில் வரும் படங்களுக்குத் துண்டு துண்டாக இசையமைத்துக் கொடுத்தார். அந்த வேலையும் நிலைக்கவில்லை. போர் முடிந்தபோது, தந்தை ட்ரெப்ளின்கா வதைமுகாமில் கொல்லப்பட்ட செய்தி வந்தது. யூதர் ஓதும் தொண்ணூற்றிரண்டாவது சங்கீதத்தை இசையமைத்துத் தந்தைக்குக் காணிக்கையாக்கினார். இறைவனைப் புகழும் பாட்டு அது, புலம்பல் அன்று. நாம் ஸபூர் எனப் போற்றும் வேதத்தின் நினைவு இவ்விடத்தில் எழாதிருக்க இயலாது.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் கல்லூரியில் மாலை வகுப்பெடுத்துப் பிழைத்த ஸைஸல், கடைசி ஆண்டுகளில் மீண்டும் ஹியோப்பை எடுத்தார். 1959ஆம் ஆண்டு ஒரு மாலையில் வகுப்பை முடித்தவருக்கு மாரடைப்பு வந்தது. ஆபரா பாதியில் நின்றது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2014இல், வேறொருவர் முடித்துக்கொடுக்க, மூனிக்கில் அது மேடை கண்டது.

இனிக் காஃப்மனிடம் வருவோம். 1907இல் கார்ல்ஸ்பாட் நகரில் பிறந்து, பிராகிலும் பெர்லினிலும் பயின்றவர். முனைவர் பட்டத்துக்கான ஆய்வை முடித்தும், தம் பேராசிரியர் நாசி இயக்கத்தைச் சேர்ந்தவர் என அறிந்ததும் அவர் கையால் பட்டம் வேண்டாமென மறுத்தவர். 1934இல் பம்பாய் வந்தார். ஹாலிவுட்டுக்குப் போனவர்களுக்கேனும் தாம் அறிந்த இசையையே விற்க முடிந்தது. இவருக்கு அதுவும் இல்லை. முதன்முதலில் இந்திய இசைத்தட்டுகளை வாங்கிக் கேட்டபோது ஒன்றும் விளங்கவில்லை, வெறுப்பே தோன்றியது. ஆனால் இத்தனை மக்கள் இத்தனை காலமாக உள்ளன்புடன் போற்றுகிற ஒன்றில் பொருளில்லாமல் இராது, குறை என் செவியில்தான் என முடிவுசெய்தார். அவர் தாமே எழுதிவைத்த செய்தி இது. வந்தேறிய ஊரில் இப்படி எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

பம்பாயில் ஓர் இசைக் கழகம் தொடங்கினார். மோகன் பவ்னானியின் படங்களுக்கு இசையமைத்தார்.  பிராகிலிருந்து தப்பிவந்த எழுத்தாளர் வில்லி ஹாஸ் அதே பவ்னானிக்குக் கதை எழுதினார். ஆக, ஹாலிவுட்டில் நடந்ததன் சிறு வடிவம் ஒன்று நம் பம்பாயிலும் நடந்திருக்கிறது. 1937 முதல் 1946 வரை பம்பாய் வானொலியில் மேற்கத்திய இசைக்குப் பொறுப்பாளராக இருந்தார். நாம் தொடக்கத்தில் குறித்த மெட்டு அங்கே உருவானது. சிவரஞ்சனி இராகத்தின் சாயல் அதில் உண்டென்பர். வயலினை வாசித்தவர் மெஹ்லி மேத்தா, நடத்துநர் சுபின் மேத்தாவின் தந்தை, என்றும் கூறுவர்.

போர் முடிந்தபின் காஃப்மன் கனடா சென்று வினிப்பெக் சிம்பொனியை நடத்தினார். பிறகு அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கிருந்தபடி 1968இல் வட இந்திய இராகங்களைப் பற்றியும், 1976இல் நம் தென்னக இராகங்களைப் பற்றியும் பெருநூல்கள் எழுதினார். வெறுப்புடன் இசைத்தட்டைக் கேட்டவர் தோடியையும் கல்யாணியையும் பட்டியலிடும் நிலைக்கு வந்து சேர நாற்பது ஆண்டுகள் ஆயின. 1984இல் காலமானார். அவருடைய சொந்த இசை பல்கலைக்கழகத்தின் அலமாரியில் உறங்கியது. 2020இல் கனடாவின் டொராண்டோ நகர இசைக்குழு ஒன்று அதில் சிலவற்றை எடுத்து வாசித்து வெளியிட்டது.

பாடல் ஒவ்வொன்றுக்கும் இயற்றியவர் இன்னார், இசை இன்னார் என ஓயாமல் அறிவிப்பது வானொலியின் வழக்கம். அந்த விடியற்கால மெட்டுக்கு மட்டும் அறிவிப்பாளர் எவரும் பெயர் சொல்லி நாம் கேட்டதில்லை. மெட்டு முடியும்; வந்தே மாதரம் தொடங்கும்; நிலையத்தின் பெயரைச் சொல்வார்கள்; நாமும் அடுத்த வேலையைப் பார்க்க எழுந்துவிடுவோம்.